பால் படிந்தது என்று நினைத்தேன்

என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். எண்ணூரில் எங்கள் ஜன்னல் கம்பியில் தினமும் அனல்மின் நிலையச் சாம்பல் படியும். அவனுக்கு இருமலும் ஓயாது. ஒருமுறை டாக்டர் தந்த ஆன்டிபயாடிக் சிரப்பில் இருமல் நின்றது. அடுத்தடுத்த இருமலுக்கும் மருந்துக்கடையில் அதையே கேட்டு வாங்கிக் கொடுத்தேன். பிறகு வயிற்றுப்போக்கு வந்தது. நோய் இன்னும் போகவில்லை என்று பயந்து, மருந்தை நிறுத்தாமல் தொடர்ந்தேன்.

அவன் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை படிந்தது. அடுத்த வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "பால்தாம்மா படிஞ்சிகீது. ஈரத்துணியால தொட்ச்சி வுடு. இதுக்குப் போயி இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வெச்சினுகீற?" என்று சிரித்தார்.

துடைத்தேன். வெள்ளை போகவில்லை, ரத்தம் கசிந்தது. அதன்பின் குழந்தை பால் குடிக்க வாயைத் திறக்கவே இல்லை. தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

அவர் என்ன மருந்து கொடுத்தேன் என்று கேட்டுக்கொண்டு, வாயைப் பார்த்தார். துணியை விலக்கி, புண்ணாகச் சிவந்திருந்த தொடையிடுக்கையும் பார்த்தார்.

"இது பூஞ்சைம்மா. வாயிலயும் குடல்லயும் இருக்கிற நல்ல பாக்டீரியா அதை வளரவிடாம அடக்கி வெச்சிருக்கும். நீங்க விடாம குடுத்த மருந்து அந்த நல்லதையும் கொன்னுடுச்சு. வயித்துப்போக்கும் அதனாலதான். இருமல் எல்லாத்துக்கும் இது மருந்து இல்ல."

வேறு சொட்டு மருந்தில் வாய் ஆறியது. இழந்த எடை ஏற மாதங்கள் ஆயின.

இப்போது டாக்டர் பார்க்காமல் ஆன்டிபயாடிக் வாங்குவதில்லை. எழுதித் தந்தாலும், "கட்டாயம் வேணுமா, எத்தனை நாளைக்கு?" என்று கேட்டுவிடுகிறேன். இருந்தும் அவன் இருமும்போதெல்லாம், கொடுக்காமல் இருப்பதும் தவறோ என்ற பயம் மட்டும் என்னை விடவில்லை.