மல்சுன் அடைக்காத ஓட்டை

மலைமேல் இருக்கும் தேபெக்கில் ஜனவரி மாதம் மூக்கு ஒழுகினால் கைக்குட்டையைத் தேடுகிறவர் வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரர் கொஞ்சம் பொறுத்திருந்து ஒடித்து எறிந்துவிடுவார். அப்பேர்ப்பட்ட ஊரில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர்களைப் பழுதுபார்க்கிற ஒரே பெண்பிள்ளை பியோ மல்சுன். வயது ஐம்பத்தாறு. உயரம், அவள் பழுதுபார்க்கும் பாய்லரைவிட ஒரு விரற்கடை கூடுதல்.

ஏழாவது பெண்ணாகப் பிறந்தவள். போதும்பொண்ணு என்று வைப்போமே, மல்சுன் என்பதும் அந்த ரகம்தான். பெயர் வைத்தும் அடங்காமல் எட்டாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, கோபத்தில் அவள் அப்பா பிறப்பைப் பதியவே போகவில்லை. அந்தத் தங்கை பள்ளிக்கூடம் சேருகிற வரைக்கும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை உலகத்துக்கே வரவில்லை.

மல்சுனைக் கட்டிக்கொடுத்தது ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கு. பதினெட்டு வருஷம் பூமிக்குள் போய் வந்தவர், கடைசி மூன்று வருஷம் இரண்டு படி ஏறினாலே விசிலடிப்பதுபோல மூச்சுவிட்டு, நாற்பத்தேழில் போய்ச் சேர்ந்தார். "இந்த மனுஷன் நெஞ்சுக்குள்ள இருக்கிற கரிய எடுத்தா ஒரு குளிர்காலத்துக்கு அடுப்பு எரிக்கலாம்" என்று சாவு வீட்டிலேயே சொன்னாள் மல்சுன். எல்லோரும் அதிர்ந்துபோய்ப் பார்த்தார்கள். சொன்னவள்தான் முதலில் அழுதாள்.

அதற்கப்புறம் அரசுப் பயிற்சி மையத்தில் பாய்லர் வேலை படித்தாள். பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாவது தடவை தேறினாள். முதல் வருஷம் போன வீட்டிலெல்லாம், "ஆம்பளை யாரும் வரலையா?" என்று அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப்பார்ப்பார்கள்.

"வந்திருக்காரு. வண்டில தூங்கறாரு. எழுப்பினா ரெட்டைக் கூலி கேப்பாரு. நானே பாத்துடட்டுமா?" என்பாள்.

அதற்கடுத்த பதினான்கு வருஷத்தில் அவளுக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. ஒரு பழுதுக்கு இரண்டாம் தடவை அவளை யாரும் கூப்பிட்டதில்லை. ஊர் அதை ஊதிப் பெரிதாக்கி, மல்சுன் வாசலில் நின்று இருமினாலே நின்றுபோன பாய்லர் பயந்து ஓட ஆரம்பிக்கும் என்று பேசிக்கொண்டது. அவளும் மறுக்கவில்லை.

இரண்டு குளிர்காலத்துக்கு முந்தைய ஜனவரியில், மைனஸ் பதினேழு காட்டிய ஒரு காலையில், மா தால்ஹோவின் வீட்டுக்குப் போனாள். தால்ஹோ அவள் புருஷனுக்குச் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர். எழுபத்தொன்பது வயது. மேட்டுத் தெருவில், சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய பழைய வரிசை வீடுகளில் ஒன்றில், பக்கவாதத்தில் இடப்பக்கம் மரத்துப்போன மனைவி யோன்சிம்மோடு இருந்தார். அன்சானில் அடுக்குமாடி வீட்டில் வாழும் மகன் இன்ச்சோல், அப்பா வீட்டுக்கு ஒரு புது டிஜிட்டல் தெர்மோஸ்டாட் வாங்கி அனுப்பியிருந்தான். அறை எவ்வளவு சூடு என்பதை அன்சானிலிருந்தே மொபைலில் பார்க்கலாம், கூட்டலாம், குறைக்கலாம்.

"வாம்மா மல்சுன்" என்றார் தால்ஹோ. "இத மாட்டினா நான் மூச்சு விடறதுகூட அன்சான்ல தெரியுமாமே?"

"மூச்சு விட்டா தெரியாதுண்ணே. குசு விட்டா மணி அடிக்கும்."

தரையில் படுத்திருந்த யோன்சிம் வாயின் வலது பாதியால் சிரித்தாள்.

அவள் படுத்திருந்தது அறையின் சூட்டு மூலை. தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் பாய்லரிலிருந்து முதலில் நுழைகிற இடம் அது. வீட்டில் யாருக்கு மதிப்போ அவருக்குத்தான் அந்த மூலை. தால்ஹோ சுரங்கத்துக்குப் போன காலத்தில் யோன்சிம் அவரை அங்கேதான் படுக்கவைப்பாள். அவருடைய சோற்றுக் கிண்ணத்தைக்கூட அந்த மூலையில் தடித்த ரஜாய்ப் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பாள், ஆறாமல் இருக்க. அவள் விழுந்த நாளிலிருந்து மூலை அவளுக்கு. அவர் கதவோரம்.

மல்சுன் பாய்லரின் மின்சாரத்தை நிறுத்தினாள். சுவரிலிருந்து சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பழைய திருகுப் பெட்டியைக் கழற்றினாள். உள்ளே இரண்டு ஒயர்கள். அவற்றைப் புதுப் பெட்டியின் அடித்தட்டில் செருகித் திருகி, தட்டைச் சுவரில் பொருத்தினாள். ஒயர் வருகிற ஓட்டை ஒரு கோழிமுட்டை நுழைகிற அளவு. சுவருக்கு அந்தப் பக்கம், சூடாக்காத மர நடை. அங்கே தண்ணீர்க் குவளையை வைத்தால் அரை மணியில் பனிக்கட்டி. பழைய பெட்டி குழாயில் ஓடும் தண்ணீரின் சூட்டை வைத்து வேலை செய்தது. அதனால் பத்து வருஷமாக அந்த ஓட்டையைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை. புதுப் பெட்டி அப்படியில்லை, அறைக் காற்றை மோந்து பார்க்கும். அதன் மூக்கு சரியாக அந்த ஓட்டைக்கு நேரே.

மல்சுனுக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் வண்டியிலிருந்து அடைப்பு மெழுகை எடுத்துவந்தாள். அது கல்லாய் உறைந்திருந்தது. இளகட்டும் என்று உட்சட்டைக்குள் அக்குளில் செருகிக்கொண்டு, அதற்குள் மற்றதை முடிப்போம் என்று பெட்டியின் முகப்பைப் படக்கென்று மாட்டி, பொத்தானை அழுத்திப் பிடித்தாள். விளக்கு மினுக்கியது. போனில் இன்ச்சோல். சொந்தத் தொழில் செய்பவள் என்பதால் அவனுக்கு அவள் முதலாளியம்மா.

"முதலாளியம்மா, மொபைல்ல வந்துடுச்சு! எங்க வீட்ல மாதிரி அறைக் காத்துலயே வெச்சுடுங்க. இருபத்திமூணு."

"பழைய வீடு தம்பி. தண்ணிச் சூட்ட வெச்சு ஓட்டறதுதான் இதுக்கு நல்லது."

"அதுல எனக்கு அறை எவ்வளவுன்னு தெரியாதே. அப்பா பாய்லர் எண்ணெய மிச்சம் பிடிக்கறேன்னு அம்மாவக் குளிர்ல போட்டுடுவாரு. எனக்கு அவரத் தெரியும்."

சரி என்று அப்படியே வைத்தாள். போனை வைத்த நொடியே மறுபடி மணி அடித்தது. கீழ்த்தெருவில் குழாய் வெடித்துச் சமையலறையில் முழங்கால் தண்ணீர், இன்னும் நாலு வீட்டில் உறைந்த பாய்லர். மல்சுன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது மெழுகு உருண்டை பிசுக்கென்று கையில் ஒட்டியது. யாருடைய வீட்டு மெழுகு என்பது உடனே நினைவுக்கு வந்தது. இன்றைக்குப் போகலாம் என்று நினைத்தாள். அன்றைக்கு ஒன்பது வீடு. நாளைக்கு என்று நினைத்தாள். நாளைக்குப் பனி கொட்ட ஆரம்பித்து மேட்டுத் தெரு அடைபட்டுப்போனது.

அந்த மூன்று நாளில் நடந்ததைப் பிற்பாடு துண்டுதுண்டாகத்தான் தெரிந்துகொண்டாள். ஓட்டை வழியாக வந்த குளிர் பெட்டியின் மூக்கில் அடிக்க, அன்சானில் இன்ச்சோலின் மொபைல் பதினாறு என்றது. அவன் இருபத்தைந்துக்கு ஏற்றினான். பாய்லர் நிற்காமல் ஓடியது. மொபைல் அப்போதும் பதினாறு. தால்ஹோ போன் போட்டார்.

"தரை கொதிக்குதுடா."

"பதினாறுன்னு காட்டுது, கொதிக்குதாம். எண்ணெய்க்கு அழாதீங்கப்பா, நான் வாங்கித் தரேன்."

"கூட்டுறவு பாங்க்ல கொடுத்த தெர்மாமீட்டர் செவுத்துல தொங்குது. இருபத்தாறு காட்டுது."

"சும்மா குடுத்த சாமானெல்லாம் நம்புவீங்க. நான் வாங்கிக் குடுத்தத நம்பமாட்டீங்க."

தால்ஹோ பொத்தானை அழுத்திக் குறைத்தார். அன்சானிலிருந்து அது ஏறியது. மறுபடி குறைத்தார், மறுபடி ஏறியது. கடைசியில் கிழவர் ஓய்ந்துபோய்க் கதவைத் திறந்துவைத்து வாசலோரம் உட்கார்ந்துகொண்டார். சூட்டு மூலையில் யோன்சிம் சாதுவாகப் படுத்திருந்தாள். அவளுடைய இடக்காலுக்கு எதுவும் தெரியாது. உடம்பில் சர்க்கரை வேறு.

நாலாம் நாள் பாதை திறந்து, வீட்டுக்கு வந்து கவனிக்கும் பணிப்பெண் யோன்சிம்மைப் புரட்டினாள். கெண்டைக்காலும் குதிகாலும் அவித்த முள்ளங்கிபோல வெளுத்திருந்தன. விரல் வைத்த இடத்தில் தோல் கழன்று வந்தது. ஆம்புலன்ஸ் வந்து அவளை எடுத்துப் போனது.

அடுத்த நாள் மல்சுனுக்கு இன்ச்சோலிடமிருந்து அழைப்பு. ஒரே வீட்டுக்கு இரண்டாம் தடவை. மெழுகைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அன்சானிலிருந்து வந்திருந்த இன்ச்சோல் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "முதலாளியம்மா, நீங்களே பாத்துச் சொல்லுங்க. பதினாறு டிகிரி ரூம்ல யாருக்காவது கால் வேகுமா? இவரு மின்சார ஒத்தடப் பைய வெச்சுட்டு மறந்துட்டாரு. கேட்டா இல்லைங்கறாரு. இவருகிட்ட அம்மாவ விட முடியாது. அன்சான்ல ஒரு முதியோர் ஆஸ்பத்திரில இடம் சொல்லிட்டேன். பெட்டி சரியா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா இவரும் ஒத்துக்குவாரு."

தால்ஹோ காலியாக இருந்த சூட்டு மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்சான் அங்கிருந்து மூன்றரை மணிப் பயணம். சுரங்கத் தூசி படிந்த அவருடைய நுரையீரலுக்கு அது சந்திரமண்டலம்.

"வெச்சீங்களாண்ணே?" என்றாள் மல்சுன்.

"வெச்சிருப்பேனோ என்னவோ. அவன் சொல்றானே."

"வீட்ல அந்தப் பை இருக்கா?"

"அது போன வருஷமே கெட்டுப்போச்சு." அறையைச் சுற்றிப் பார்த்தார். "கெடலையோ? எனக்குத் தெரியல மல்சுன். நேத்து முழுக்க யோசிச்சேன். வெச்ச மாதிரியே இருக்கு."

செய்யாத ஒன்று கிழவருக்கு நினைவில் வந்துவிட்டது என்பதுதான் அவளைக் குடைந்தது. சுவரிடம் போய் முகப்பைக் கழற்றினாள். ஓட்டையிலிருந்து வந்த குளிர் முகத்தில் அறைந்தது. பையில் மெழுகு இருந்தது, இன்றைக்கு நன்றாக இளகியிருந்தது. இன்ச்சோல் அவளுக்குப் பின்னால் நிற்கிறான். அவளுடைய முதுகு ஓட்டையை மறைத்திருந்தது. கட்டைவிரலால் ஓர் அழுத்து, நாலு விநாடி வேலை. பதினான்கு வருஷப் பெயர் பத்திரமாக இருக்கும்.

மெழுகை உருட்டக்கூட உருட்டினாள். பிறகு நகர்ந்து நின்றாள்.

"தம்பி, இங்க வாங்க. விரல வைங்க."

வைத்தவன் விரலை வெடுக்கென்று இழுத்தான்.

"இத நான் அடைச்சிருக்கணும். அடைக்கல. மறக்கவும் இல்ல, மறுநாளே ஞாபகம் வந்துச்சு. அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். உங்க அப்பா ஒண்ணும் வெக்கல."

"என்ன சொல்றீங்க?"

"மொபைலப் பாருங்க."

ஓட்டையை அடைத்து முகப்பை மாட்டினாள். மூவரும் காத்திருந்தார்கள். மொபைலில் பதினாறு பதினெட்டாயிற்று. இருபது. இருபத்திமூன்று. கால் மணி கழித்து இருபத்தாறில் வந்து நின்றது, சுவரில் தொங்கிய இலவசத் தெர்மாமீட்டர் சொன்ன அதே இருபத்தாறு. இன்ச்சோல் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனான். அவன் கூட்டியதெல்லாம் மணி நிமிஷத்தோடு அங்கே வரிசையாக இருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் ஒன்று, பஸ்ஸில் போகும்போது ஒன்று. மொத்தம் பதினோரு தடவை. அவன் மொபைலைக் கவிழ்த்துத் தரையில் வைத்தான்.

தால்ஹோவின் முகத்தில் நிம்மதி வருமென்று எதிர்பார்த்தாள் மல்சுன். வரவில்லை.

"அவள ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கலாம்" என்றார் அவர். "நல்ல எடமாச்சேன்னு போட்டு வெச்சேன். அவ கால்கிட்ட ஒரு தடவ கை வெச்சுப் பாக்கல." பிறகு மல்சுனை நிமிர்ந்து பார்த்தார். "உன் புருஷன் சுரங்கத்துல கூரைக்கு முட்டுக் குடுக்காம ஒரு அடி முன்னால போகமாட்டான். எழுந்து போ."

போனாள்.

யோன்சிம்மின் இடக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று மருத்துவர்கள் சொன்னதால் முதியோர் ஆஸ்பத்திரி என்பது மாறவில்லை. ஊர் மட்டும் மாறியது. இன்ச்சோல் அன்சானில் சொல்லிவைத்த இடத்தை விட்டுவிட்டு, அப்பாவைக் கேட்டு, தேபெக்கிலேயே பார்த்தான். மேட்டுத் தெருவிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். மல்சுன் வாயைத் திறந்ததற்குக் கிடைத்தது அந்த இருபது நிமிஷம்தான்.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. அவளே சொல்லியிருந்ததால் திட்டுவதற்கு யாரும் துப்புத் துலக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் போன் அடிப்பது பாதியாகக் குறைந்தது.

தால்ஹோ தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலோரம் உட்கார்ந்ததும், மிஞ்சியிருந்த வலது காலுக்கு அடியில் உள்ளங்கையைச் செருகிக்கொள்வார். "தாத்தா, அது வெறும் மெத்தை, சூடே கெடையாது" என்று நர்ஸ் சொன்னால், "தெரியும்மா" என்பார். கையை எடுக்கமாட்டார்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் பனி கொட்டி பஸ் நின்றுபோனது. மேட்டுத் தெருவில் ஒரு பாய்லரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மல்சுன், நிறுத்தத்தில் குடையில்லாமல் நின்ற கிழவரைப் பார்த்தாள். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தாள். அவர் வண்டியைப் பார்த்தார், வெறும் சாலையைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். கருவிப் பையை நகர்த்திவிட்டு மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்தார்.

"உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. பஸ் வரல, அதான்."

"தெரியும்ணே. பெல்ட்டப் போடுங்க."

போட்டுக்கொண்டார். வண்டி நகர்ந்தது.