டோர்ச்சுக்கு எந்த பெட்டரி நல்லது

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற ரோட்டில் இருக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கு நான்தான் குடும்பநல மாது. தோட்டத்து ஜனங்களுக்கு 'மிட்வைஃப் மிஸ்'. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிள்ளை பெற்றவர்களை லயத்து வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது, குழந்தைகளைத் தராசில் நிறுத்து அட்டையில் புள்ளி போடுவது என்று நாள் போகும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் மத்தியானம் தாண்டினாலே மூட்டம் இறங்கிவிடும். எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியாது. அதனால் பையில் இரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் இருக்கிறதோ இல்லையோ, டோர்ச் இருக்கும்.

என் வீட்டுக்காரர் மாத்தளை டவுனில் ரேடியோ, டிவி திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறார். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டார். ஒரு தடவை என் டோர்ச் எரியவில்லை என்று கொடுத்தேன். திறந்து பார்த்தால், உள்ளே பெட்டரி கசிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, ஸ்பிரிங்கைத் தின்றிருந்தது. "இத வச்சிக்கிட்டா மலை ஏறின?" என்று என்னைத்தான் திட்டினார். பெட்டரியை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டில் இருக்கும் என் நாத்தனார் ஒரு பெட்டி சாமான் அனுப்பியிருந்தார். சவர்க்காரம், சொக்லட், சப்பாத்து எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு அட்டை லித்தியம் பெட்டரி. வீட்டுக்காரர் சொக்லட்டைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இது சார்ஜ் பண்றதில்ல. முடிஞ்சா வீசிர வேண்டியதுதான். ஆனா குளிருக்கு அசையாது, கசியாது" என்றார்.

நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். "என்னங்க இது, காலி டப்பா மாதிரி இருக்கு? பாரமே இல்லியே."

"பாரமா இருந்தாத்தான் நல்ல பெட்டரின்னு யாரு சொன்னா?"

"இவ்வளவு நாளா நீங்கதான் சொன்னீங்க."

"சரி, பார்த்துருவோம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கடையில் இருந்து ஒரே மாதிரியான மூன்று டோர்ச் கொண்டுவந்தார். ஒன்றில் சந்திக்கடையில் விற்கிற மலிவு பெட்டரி. ஒன்றில் நல்ல அல்கலைன். ஒன்றில் நாத்தனாரின் லித்தியம். மூன்றையும் ஏற்றி, குசினி மேசையில் சுவரைப் பார்த்து வரிசையாக வைத்தார். சுவரில் மூன்று நிலா மாதிரி வட்டம் விழுந்தது. சீனி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே நின்று, "என்ன மிஸ், குசினியில பூசையா?" என்று கேட்டார்.

வெளிச்சத்தை அளக்க வீட்டுக்காரர் போனில் ஏதோ ஒன்றை இறக்கி வைத்திருந்தார். எனக்கு அந்த நம்பர்கள் விளங்கவில்லை. என்னுடைய அளவு வேறு. கர்ப்பிணிகளின் வயிற்றை அளக்கிற நாடாவை எடுத்து, ஒவ்வொரு டோர்ச் வெளிச்சத்திலும் கோடுகளை வாசிக்க முடிகிறதா என்று பார்த்தேன். என் வேலைக்கு அதுதானே வேண்டும்?

மலிவு பெட்டரி அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மங்கிவிட்டது. நாடாவில் சென்டிமீட்டர் கோடு தெரிந்தது, நடுவில் இருக்கும் சின்னக் கோடுகள் தெரியவில்லை. அல்கலைன் நன்றாகத் தொடங்கி, மெல்ல மெல்ல இறங்கியது. மறுநாள் காலையில் அது எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் களைத்துப்போன வெளிச்சம். லித்தியம் மட்டும் ஏற்றிய நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு மேசைக்கு முன்னால் நடந்தார். பரீட்சை எழுதியது தானே என்பது போல முகத்தில் ஒரு பெருமை.

"என்ன சொல்ற இப்ப?"

"நான் என்ன சொல்ல? நல்லாத்தான் எரியுது."

அப்போது நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். ரொட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டுத் திரும்பினால் லித்தியம் அணைந்திருந்தது. மங்கவும் இல்லை, சிமிட்டவும் இல்லை. நான் குனிந்த நேரத்தில் போய்விட்டது. அல்கலைன் பக்கத்தில் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

அவர் லித்தியம் டோர்ச்சை எடுத்துத் தட்டினார், பெட்டரியைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் மனுசங்க மாதிரிதான்" என்றார் கடைசியில். "ஒண்ணு முடியப்போகுதுன்னு முன்னாடியே முனகுது. இன்னொண்ணு கடைசி வரைக்கும் முழு வேலையும் செஞ்சிட்டு, சொல்லாமப் போயிருது. நீ பையில ரெண்டையும் வை. லித்தியத்த நம்பு. ஆனா அது நல்லா எரியுதேன்னு மட்டும் ஏமாந்துறாத."

இரண்டு டோர்ச்சிலும் புது பெட்டரி போட்டு, லித்தியம் டோர்ச்சுக்குத் தலையில் மாட்டிக்கொள்ள ஒரு இலாஸ்டிக் பட்டி தைத்துக் கொடுத்தார். அல்கலைன் டோர்ச் கையில் பிடிக்க. அன்றிலிருந்து இரண்டும் பையில் இருந்தன. குளிரிலும் ஈரத்திலும் லித்தியம் மாதக்கணக்கில் எரிந்தது. கால் விரல் நடுவில் அட்டைப்பூச்சி ஏறியிருந்தால்கூடத் தெளிவாகத் தெரியும்.

அந்த வருசக் கடைசி மழையில் ஒரு நாள். இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. தோட்டத்து மேல் டிவிசனில் பிள்ளைகளை நிறை பார்த்துவிட்டு இறங்கப் புறப்பட்டேன். அப்போது ஒரு அம்மா நனைந்துகொண்டே ஓடிவந்தார்.

"மிஸ், மருமகளுக்கு வலி கண்டிருச்சு! ரெண்டாவது பிள்ளை. அம்பியூலன்ஸ் வருது, ஆனா கீழ ரோட்டுல மரம் விழுந்து கெடக்காம்."

கீழே சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு ஓடி அம்பியூலன்ஸைக் கூப்பிட்டது அந்த அம்மாவின் மகன். அவர் திரும்பி வந்து, இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மனைவியை நாற்காலியில் வைத்துத் தூக்கினார். நானும் மாமியாரும் கூட நடந்தோம். கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்துக்கு வந்தபோது அந்தப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்து, "மிஸ், இனி முடியாது" என்றாள். பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். இனிக் கீழே கொண்டுபோனால் வழியில் பிறந்துவிடும்.

மடுவத்துக்குள் சாக்கு விரித்து, அதன்மேல் என் பையில் இருந்த சுத்தமான துணியை விரித்தோம். ஆண்களை வெளியே நிற்கச் சொன்னேன். இருட்டிக்கொண்டு வந்தது. எல்லார் போனும் சார்ஜ் இல்லாமல் செத்திருந்தது, மகனின் போனும் அம்பியூலன்ஸைக் கூப்பிட்டதோடு போயிருந்தது. தலையில் லித்தியத்தை மாட்டினேன். பகல் மாதிரி வெளிச்சம். அது போதும் என்றுதான் பட்டது. ஆனாலும் குசினியில் ரொட்டி சுட்ட காலை நினைவுக்கு வந்தது. அந்த பெட்டரி எத்தனை மாதம் எரிந்துவிட்டது என்று யாருக்குத் தெரியும்? மற்ற டோர்ச்சையும் ஏற்றி மாமியாரிடம் கொடுத்தேன்.

"ஒங்க வெளிச்சமே போதுமே மிஸ்?"

"பிடிச்சுக்கங்கம்மா. கையை எடுத்துறாதீங்க."

தலை தெரிந்த நேரத்தில் என் நெற்றியில் இருந்த வெளிச்சம் போனது. ஒரு சிமிட்டல்கூட இல்லை. அந்தப் பெண் வலியில் கவனிக்கவில்லை. மாமியார் 'ஐயோ' என்று வாயைத் திறந்தார்.

"ஒண்ணுமில்ல. நீங்க கிட்ட வாங்க, இன்னும் கிட்ட" என்றேன். என் குரல் எனக்கே அமைதியாகக் கேட்டது.

அல்கலைன் வெளிச்சம் மங்கல்தான். ஆனால் இருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளை வந்தது, பெண் பிள்ளை. துடைத்து முதுகைத் தேய்த்ததும் கத்தினாள். தாயின் மார்பில் போட்டு, மாமியாரின் கம்பளியால் இரண்டு பேரையும் மூடினேன். தொப்புள்கொடியைக் கட்டி வெட்டினேன். மழைச் சத்தத்தையும் மீறி வெளியே நின்ற அவள் மனுசன், "பிள்ளை அழுவுது, பிள்ளை அழுவுது!" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அம்பியூலன்ஸ்காரர்கள் விழுந்த மரத்தைத் தாண்டி, ஸ்ட்ரெச்சரோடு நடந்தே வந்தார்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் நானும் போனேன். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். பிறகு ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, பட்டியை அவரே பூட்டினார்.

இரண்டு மாதத் தடுப்பூசிக்கு அந்தப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். நிறை நன்றாக ஏறியிருந்தது, கன்னம் இரண்டும் தொங்கின. ஊசி போட்டதும் கிளினிக் கூரையே பறக்கிற மாதிரி அழுதாள். மாமியார் அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மிஸ், அன்னிக்கு டோர்ச்ச பிடிச்ச கையி ஒரு வாரத்துக்குத் தூக்க முடியலீங்க. நீங்க எடுத்துறாதன்னு சொன்னீங்க, ஆனா கடைசியில எறக்கச் சொல்லவே இல்லியே. அம்பியூலன்ஸ்ல ஏறுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே வந்தேன்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிள்ளை அழுகையை நிறுத்தி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.