எவனோ எரித்த விளக்கு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணலாகப் போகும். முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும். ஆட்களின் முகம் நினைவிருக்கும், மாதம் வருஷம் நினைவிருக்காது. மனசில் இத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு அருவருப்பைக் கழுவிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் அரும்பாவூர்ப் பக்கம். கல்யாணமாகி அரியலூருக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் எலிமென்டரி ஸ்கூல் வாத்தியார். எங்கள் அப்பா ஒரு போகத்துச் சின்ன வெங்காயத்தை விற்று, பெரம்பலூர் தையல்காரர் ஒருவரிடமிருந்து பழைய கைமெஷின் ஒன்றை வாங்கிச் சாக்கில் சுற்றி, மாட்டுவண்டியில் வைத்து என்னோடு அனுப்பினார். நான் கூச்சக்காரி. கடைக்குப் போய் ஒரு சாமான் கேட்க வாய் வராது. ஆனால் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். என் கையால் சம்பாதிக்க எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அரியலூரில் நாங்கள் இரண்டாவதாகக் குடிபோன வீட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு கடலைத் தரகர் இருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். அவர் விட்டுப் போனதை எழுதவே எனக்குக் குமட்டுகிறது. படுக்கிற இடத்துச் சுவர் முழுக்க வெற்றிலை எச்சில். தலை சாய்த்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. விளக்கு ஸ்விட்சின் மேல்கூடச் சுண்ணாம்பு விரல் தடம். மூன்று நாள் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். கரண்டு விளக்கு உள்ள வீடு என்று வீட்டுச் சொந்தக்காரர் பெருமையாகச் சொல்லித்தான் வாடகைக்கு விட்டார். வந்து பார்த்தால் மீட்டர் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை. தரகர் வைத்த பாக்கிக்காகக் கரண்டுக் கம்பெனிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் அந்த வீட்டில் ஒரு நாள்கூடக் கரண்டு விளக்கு எரித்ததில்லை. மண்ணெண்ணெய்க்குக் கார்டு வைத்திருந்த காலம். சிம்னி விளக்குத்தான்.

குடிபோன மாதமே அந்தக் கம்பெனியிலிருந்து பாக்கி கேட்டுக் கடிதம் வந்தது. பழுப்பு உறை, உள்ளே தடிமனான தாள், இங்கிலீஷில் டைப் அடித்து அடியில் சிவப்பு மையில் கோடு. என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "நமக்கில்ல, பழைய ஆளுக்கு" என்று சொல்லி, அந்த ஆள் இங்கே இல்லை என்று உறைமேல் எழுதித் தபால்காரரிடமே கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கடுத்த மாதம் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் வசவு ஏறிக்கொண்டே போனது. "நாணயங்கெட்டவர், ஏமாற்றுக்காரர்னு எழுதியிருக்கான்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது. எவனுக்கோ எழுதிய வசவானாலும் என் வாசலில்தானே வந்து விழுகிறது.

ஒரு நாள் மத்தியானம் கம்பெனியிலிருந்து வசூல்காரன் வந்தான். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். வந்தவன் வாய் நிறைய வெற்றிலை. காலையில் நான் போட்ட கோலத்தின் மேலேயே துப்பிவிட்டு, நோட்டைப் பிரித்துத் தரகர் பெயரைச் சொல்லி, "அவரு வூடுதானே இது?" என்றான்.

"அவங்க இல்லீங்க."

"எங்க போயிட்டாரு?"

"தெரியாதுங்க."

"புருஷன் போன எடம் தெரியாத பொம்பளய இன்னிக்கித்தான் பாக்குறேன்."

"அவங்க வேறங்க. எங்க வீட்டுக்காரவங்க பள்ளிக்கூடத்துல இருக்காங்க."

"சரி, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன? சொல்லும்மா, எழுதிக்கிறேன்."

அங்கேதான் நான் அடைத்துப்போனேன். புருஷன் பெயரை நாங்கள் சொல்லுகிறதில்லை. யாராவது கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர்களைப் பார்ப்போம், அவர்கள் சொல்லுவார்கள். எனக்கு எப்போதும் பக்கத்து வீட்டு அக்காதான் சொல்லுவாள். அன்று பார்த்து அவள் கீழப்பழுவூருக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அவள் வீட்டுப் பூட்டைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன்.

"என்னம்மா, பேரே வைக்காத ஆளா?" என்று சிரித்தான். "நான் சொன்னேனே, அவருதான். அப்படித்தானே? வாயால சொல்ல வெக்கமா இருந்தா தலைய ஆட்டு, போதும்."

இல்லை என்றுதான் தலையை ஆட்டினேன். பயத்தில் அது எப்படி ஆடியதோ, அவன் ஆமாம் என்று எழுதிக்கொண்டான். அதோடு விட்டானா? கேட்காமலேயே உள்ளே காலை வைத்தான். "மெஷின்லாம் இருக்கு, கரண்டு காசு மட்டும் இல்லையாக்கும்" என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். அவன் விரல் பட்டுத் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு தடம். பிறகு நோட்டை நீட்டி, "நான் வந்துட்டுப் போனதுக்கு ஒரு கையெழுத்து" என்றான்.

அவன் வெளியே போனால் போதும் என்று போட்டேன். எழுத்துக் கூட்டி என் பெயரை மட்டும் எழுதினேன். முன்னெழுத்துப் போடவில்லை. அதுவும் அவர் பெயரின் முதல் எழுத்தல்லவா? அதைப் போட்டிருந்தாலே தரகர் பெயரோடு ஒத்துப்போகாமல் தப்பித்திருப்பேன்.

அவன் போனதும் சக்கரத்தைத் துடைத்துத் துடைத்துத் தேங்காயெண்ணெய் போட்டேன். துணியைத் துவைத்தேன். தடம் போகவில்லை. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவும் இல்லை. சொன்னால் கையெழுத்துப் போட்டதைச் சொல்ல வேண்டும்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ரிஜிஸ்தர் தபால் வந்தது. அவர் வாசலிலேயே நின்று படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"பழைய ஆளோட சம்சாரம் பாக்கிய ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காம். எட்டு நாள்ல கட்டலன்னா கோர்ட்டுல பிராது போட்டு வூட்டுச் சாமான ஜப்தி பண்ணுவானாம். கைமெஷின் ஒண்ணு, பித்தளை அண்டா ஒண்ணுன்னு எழுதியிருக்கான். நம்ம வூட்டுக்குள்ள யார் வந்து பாத்தா?"

சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

"ஏண்டி, என் பேர ஒரு தடவ சொல்லியிருந்தா ஆச்சே."

"எப்படிங்க சொல்றது?"

அவருக்குக் கோபம்தான். ஆனால் அவருடைய அம்மாவும் சொன்னதில்லையே.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனார். ஆபீஸ் என்றால் ஒரு வீட்டின் முன் அறை. மேஜை, மூன்று நாற்காலி, மூலையில் எச்சில் படிக்கம், அது நிரம்பித் தரையில் வழிந்திருந்தது. அந்த வசூல்காரன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் வாடகை ரசீதைக் காட்டி விவரம் சொன்னார். மேனேஜர் அதைத் தொடக்கூட இல்லை.

"ரசீது யாரு வேணா எழுதலாம் சார். பாக்கி வச்சவன் எவன் சார் நான்தான் அவன்னு வந்து நிப்பான்? கையெழுத்துப் போட்டது அம்மாதானே? அவங்க சொல்லட்டும். ஏம்மா, இவரு யாரு?"

"எங்க வீட்டுக்காரவங்க."

"அது தெரியுது. பேரு?"

என் வீட்டுக்காரர், "நான் சொல்றேன் சார்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க சார்."

"எழுதித் தரட்டுங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேனேஜர் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, இதுதானா என்று கேட்டிருந்தால்கூட நான் ஆமாம் என்றிருப்பேன். நான் தலையை அசைக்கப் பார்த்ததைக் கண்டுகொண்டு அவர் சொன்னார்: "அன்னிக்கும் தலையத்தானே ஆட்டுனீங்க? அந்தத் தலைய நம்பித்தான் இவ்வளவு தபால் செலவு. வாயத் தெறந்து சொல்லுங்க. இல்லன்னா மெஷின் போகும்."

அப்பா வெங்காய மூட்டைகளை வண்டியில் ஏற்றியது கண்ணுக்கு முன்னால் வந்தது. படிக்கத்தின் நாற்றம் மூக்கில் ஏறியது. சொன்னேன். முழுப் பெயரையும், மாமனார் பெயரோடு சேர்த்துச் சொன்னேன்.

"அட, வாயி இருக்கே!" என்றான் வசூல்காரன். மேனேஜரும் சேர்ந்து சிரித்தார். சிரித்தபடியே நோட்டில் எதையோ அடித்து எழுதிவிட்டு, "சரி, போங்க" என்றார். தப்பு நடந்துவிட்டது என்று ஒரு சொல் இல்லை. நாங்கள் எழுந்து வெளியே வருவதற்குள் அடுத்த ஆளோடு பேசப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர், "நீ சொல்றப்ப என் பேரு நல்லாத்தான் இருக்கு" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. பொம்பளை தெருவில் துப்பக்கூடாது என்று வளர்த்தார்கள். அன்று ரோட்டோரத்தில் நின்று துப்பினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. அவர் தள்ளி நின்றார்.

மெஷின் போகவில்லை. ஆனால் கடிதம் நிற்கவுமில்லை. தரகர் பெயருக்கு மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தது, அதே வசவு, அதே சிவப்புக் கோடு. என் வீட்டுக்காரர் மறுபடி பேனாவை எடுத்தபோது, "அனுப்ப வேணாம், கொடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். காகிதம் கிடைக்காத காலம் அது. அந்தத் தடித்தாளை வெட்டிக் கழுத்துக்கும் கைக்கும் அளவுமாதிரி செய்தேன். எத்தனை ரவிக்கை அதை வைத்துத் தைத்தேனோ. ஒரு கைமாதிரி இன்னும் பெட்டியில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பெயரை அந்த ஆபீசுக்குப் பிறகு நான் சொல்லவில்லை. அவர் போய் இத்தனை வருஷமாகியும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை. அந்த அறையில் சொன்னதே கடைசி என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த ஆபீஸ் எந்தத் தெருவில் இருந்தது என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை. யுத்தம் அப்போது முடிந்திருந்ததா என்பதும் தெரியவில்லை. மண்ணெண்ணெய்க் கார்டு இருந்தது மட்டும் நிச்சயம். ஜப்திக்கு எட்டு நாள் என்றா பத்து நாள் என்றா போட்டிருந்தான் என்பதும் சந்தேகம். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் அந்தக் கைமாதிரியில் மிச்சமிருக்கிற வரிகளைப் படித்து, தேதி ஏதாவது இருந்தால் பார்த்து, நான் எழுதியதில் தப்பிருந்தால் திருத்திக் கொடுங்கள். தாளை மட்டும் கிழிக்காமல் பிடிக்க வேண்டும். ஓரம் நைந்துவிட்டது.