உப்புப் பார்க்கும் மாஸ்டர்

ஓசூரில் எங்கள் கம்பெனி கேன்டீனில் சமைப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அடுப்படியில் அவர் நின்றால் மற்றவர்கள் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தைராய்டு குறைவு வேறு. எடை குறைய வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ளக் கிளம்பியவர் மறுநாளே திரும்பி வந்துவிட்டார்.

“தைராய்டு கட்டுக்குள்ள வந்தாதான் தேதி குடுப்பாங்களாம் மேடம். மாத்திரை கேக்கவே மாட்டேங்குது.”

“இன்னைக்குப் போட்டீங்களா மாஸ்டர்?”

“இதை இறக்கிட்டு, வெறும் வயித்துல போடுவேன்,” என்றபடி சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினார்.

“அப்ப இது?”

“இது உப்புப் பாக்குறது மேடம். சாப்பாட்டுல சேராது.”

பொங்கல், சட்னி, வடை என்று அதுவரை அவர் உப்புப் பார்த்தவற்றை வரிசையாகச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து வந்ததும் முதலில் மாத்திரை. பிறகு ஒரு மணி நேரம் எதையும் நாக்கில் வைப்பதில்லை. காலைச் சாம்பார் கொதிப்பது அந்த நேரத்தில்தான். ஒரு நாள் கரித்தது. ஒரு நாள் உப்பே இல்லை.

“அவருக்குத் தேதி கிடைக்கிற வரைக்கும் பேசாம தின்னுங்கப்பா,” என்றார் ஃபோர்மேன். தின்றோம்.

ஒரு காலையில் சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. சமைத்தது வேறு ஆள். மாஸ்டருக்குத் தேதி கிடைத்துவிட்டதென்று யாரும் சொல்லாமலே ஷிப்ட் முழுவதற்கும் தெரிந்துவிட்டது.