உறைபனியின் மேல் போட்ட பழி

முகம் மழிக்கும் கண்ணாடியைக் கல்லின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்து, வெயிலை அதன் மேல் குறுக்காக ஓட விடுகிறார் ஆர்னால்ட் ஸ்கோட்னி. அதுவரை வெறும் சாம்பல் பலகையாக நின்ற கல்லறைக் கல்லில் எழுத்துகள் மெல்ல எழுந்து வருகின்றன. "இதோ, ஹன்னான்னு வெட்டியிருக்கு பாருங்க. உங்க ஆளு இவங்கதான்" என்கிறார். கனடாவிலிருந்து வந்த தம்பதி குனிந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஆர்னால்ட் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்துகிறார்.

கோடை வந்தால் முன்னோரைத் தேடி எங்கள் தேவாலயத்துக்கு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஆலயத்தைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. வெளியாட்களிடம் பேச எனக்கு வாய் வராது. கல்லறைத் தோட்டத்தின் பக்கம் கையைக் காட்டிவிடுவேன். அங்கே ஆர்னால்ட் இருப்பார். சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கீழே ரப்பர் பூட்ஸ், மேலே டை. சேற்றில் மண்டியிடுவதற்கு டை எதற்கு என்று பாதிரியார் ஒருமுறை கேட்டார். "அடுத்தவங்க வீட்டு வாசல்ல நிக்கிறோம். ஒழுங்கா நிக்க வேண்டாமா?" என்றார்.

வருகிறவர்கள் கல்லைத் தொடக் கூடாது. யாராவது பாசியை நாணயத்தால் சுரண்டப் போனால், "ஐயோ, கைய எடுங்க!" என்று கத்திவிடுவார். அதற்கு மட்டும்தான் அவர் குரல் உயரும். ஏன் என்று ஊருக்கே தெரியும்.

அவருடைய சொந்தக் குடும்ப மரம், சுவருக்கு ஒட்டும் காகிதச் சுருளின் பின்பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. நான் ஜாம் கொடுக்கப் போன அன்று விருந்தாளி அறைக் கட்டிலின் மேல் விரித்துக் காட்டினார். கொள்ளுத்தாத்தா ஜேபெஸ், அவர் மனைவி லூயிசா, அவர்களுக்குக் கீழே பிள்ளைகள். ஒரு கட்டம் மட்டும் காலி.

"செத்துப் பிறந்த கொழந்தை, கண்ணு. ஞானஸ்நானம் இல்ல, அதனால சர்ச் கணக்குல இல்ல. மூச்சே விடலைன்னு சர்க்கார் கணக்குலயும் இல்ல. ஜேபெஸ் கெழவன் மட்டும் விடலை. குடும்பக் கல்லறைக் கல்லோட அடியில அது பேரை வெட்டி வச்சான்."

அந்த வரியைப் பாசி மூடியிருந்தது. உயிரோடு இருக்கிற யாரும் அதைப் படித்ததில்லை. நியூசிலாந்திலிருந்து ஏவ்ரில் என்ற பெண்மணி அவரைத் தேடிப் பிடித்து, அந்தக் கல்லின் படம் வேண்டும் என்று கேட்டார். ஜேபெஸ் அவருக்கும் கொள்ளுத்தாத்தா. செத்துப் பிறந்த அந்தக் குழந்தைக்குப் பெயர் தேர்ந்தெடுத்தது ஏவ்ரிலின் பாட்டி. அப்போது பாட்டியே சின்னப் பெண்.

கடல் தாண்டி இருக்கும் சொந்தக்காரியிடம் கல்லை அழுக்காகக் காட்டுவதா? எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். மருத்துவர் வருகிறார் என்றால் நோயாளியை எழுப்பிவிட்டு விரிப்பை மாற்றுவோம். ஆர்னால்ட் கம்பி பிரஷ்ஷும் ஒரு வாளி ப்ளீச்சும் கொண்டுவந்தார். அவர் நல்ல வேலைக்காரர். மதியத்துக்குள் கல்லின் அடிப்பாகம் அப்பத்தின் மேலோடு போல உதிர்ந்துவிட்டது. என்னிடம் வந்து குப்பை முறம் கேட்டார். "கொஞ்சம் சிந்திடுச்சு, கண்ணு" என்றார். முகம் காகிதம் போல இருந்தது.

அள்ளிய சில்லுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துப் போனார். குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் அவற்றைப் பொருத்திப் பார்த்தார். ஏதோ ஓர் எழுத்தின் வளைவுக்கு மேல் எதுவும் தேறவில்லை. ஏவ்ரிலிடம் தொலைபேசியில், உறைபனி கல்லைத் தின்றுவிட்டது என்று சொல்லிவிட்டார்.

ஆலயத்தில் பூ அலங்காரம் செய்யும் அவருடைய அக்கா மியூரியல் அதை விடவில்லை. கத்தரிக்கோலும் கையுமாகவே கேட்பாள்.

"உறைபனியாம்! அந்தப் பனி கையில பிரஷ்ஷும் வச்சிருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமே?"

"மெதுவா பேசு மியூரியல். உள்ள ஆளு இருக்கு."

"யாரு, இவளா? இவகிட்ட சொல்றதும் கல்லுகிட்ட சொல்றதும் ஒண்ணு."

"கல்லைப் பத்திப் பேசாதே."

"அந்தம்மா நேர்லயே வரப் போறா. என்னடா சொல்லுவே?"

"பனின்னே இருக்கட்டுமே. பனி மேல யாரு கோவிச்சுப்பாங்க?"

"ஓ, ஐயாவுக்கு அதான் கவலையா?"

ஏவ்ரில் சென்ற வாரம் வந்தார். கையில் ஊன்றுகோல், உடம்பில் ஊதா நிறக் கோட்டு. ஆர்னால்ட் புது டை கட்டி, அவர் உட்கார மடக்கு நாற்காலி ஒன்றைக் கல்லின் முன்னால் போட்டு வைத்திருந்தார். மியூரியல் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசல் கதவின் பித்தளைப் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லின் மேலே ஜேபெஸ், லூயிசா என்ற பெயர்கள் தெளிவாக இருந்தன. கீழே புண் ஆறிய தோல் போல வெளிறிய இடம்.

"பாட்டி கடைசி வரைக்கும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லலை" என்றார் ஏவ்ரில். "சொன்னா அழுகை வந்துடும்பாங்க. அதான் இங்க வந்து படிச்சிடலாம்னு... சரி விடுங்க. பனியை யாரு தடுக்க முடியும்? நீங்க இத்தனை வருஷமா இவங்களைப் பார்த்துக்கிட்டீங்க. அதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும் ஆர்னால்ட்."

மியூரியல் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆமா" என்றார் ஆர்னால்ட். தொண்டையைச் செருமினார். மறுபடியும், "ஆமா" என்றார்.

பிறகு ஈரப் புல்லில் மண்டியிட்டார். ஏவ்ரிலின் கையை எடுத்து, கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். யாரையும் தொட விடாத அந்தக் கல்லின் வெளிறிய இடத்தில் ஏவ்ரிலின் விரல் நுனிகளை வைத்து, கம்பி பிரஷ் உழுத கோடுகளின் மேல், இடமிருந்து வலமாக மெதுவாக இழுத்துக்கொண்டு போனார்.