பாவாடை கொல்லையில் நின்ற மாப்பிள்ளை

கரியாலூர் அருவிக்குப் போகிற ரோட்டோரம் பெரியவர் பாவாடைக்கு முக்கால் ஏக்கர் கொல்லை. மக்காச்சோளம் போட்டிருந்தார். அது வீடு வந்து சேர்ந்தால் வருஷம் ஓடும். சேராவிட்டால் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போக வேண்டும். அறுபது வயதில் மிளகு ஏணி ஏறுகிற தெம்பு அவருக்கு இல்லை. போன வருஷமே கால் நடுங்கியது.

அதனால் குரங்கை விரட்ட ஒரு பொம்மை கட்டி வைத்தார். ரெண்டு கழி, வைக்கோல், தன் கிழிந்த சட்டை, தலைக்கு ஒரு பானை. ஊர் உலகத்தில் இல்லாத பொம்மையா?

அருவியில் குளித்துவிட்டு வந்த கும்பலுக்கு அது அப்படித்தான் தெரிந்திருக்கிறது. ஒரு பையன் தன் கூலிங்கிளாஸைப் பானைக்கு மாட்டிப் படம் எடுத்தான். மாட்டியதை மறந்துவிட்டுப் போனான். அவ்வளவுதான், பிடித்தது சனி! மறுவாரம் கழுத்தில் டை. அப்புறம் தொப்பி, வாட்ச். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று தங்கள் மாலையைக் கழற்றிப் போட்டது. அதிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்று பேர். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்கிறவர்கள் கம்மியாகி, மாப்பிள்ளை எங்கே நிற்கிறார் என்று கேட்கிறவர்கள் ஜாஸ்தியானார்கள். பாவாடையிடமே கேட்டார்கள். அவரும் கை காட்டினார்.

மாப்பிள்ளையை வெறுங்கையோடு பார்க்கலாமா? வாழைப்பழமும் பிஸ்கட்டும் காலடியில் குவிந்தன. குரங்குக்குப் பத்திரிகையா வைக்க வேண்டும்? குடும்பத்தோடு வந்து பழத்தைத் தின்றுவிட்டு, போகிற வழியில் சோளக்கதிரையும் ஒடித்துக்கொண்டு போயின.

பாவாடை பொம்மையைப் பிடுங்கப் போனார். பெண்டாட்டி அமிர்தம் குறுக்கே வந்து நின்றாள். யாரோ ஒரு புண்ணியவதி பானைக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் கொளுத்தியிருந்தாள்.

"கற்பூரம் ஏத்தின எடத்துல கைய வெக்காதய்யா. குடும்பத்துக்கு ஆவாது."

"அது என் சட்டைடி!"

"சட்டை உன்னுது. உள்ள இருக்கறது இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"வைக்கோலு."

"வாயக் கழுவு."

சரி போகட்டும் என்று இன்னொரு பொம்மை கட்டி நட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் அதற்குச் சேலை சுற்றி, மாப்பிள்ளைக்குப் பொண்ணு கிடைத்துவிட்டது என்று கைதட்டினார்கள். பழம் ரெட்டிப்பானது. குரங்கும்தான்.

கடைசியில் அவரே ஒரு தகர டப்பாவோடு கொல்லையில் காவல் நின்றார். கதிர் முற்றி, அறுப்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. காரில் வந்த ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"பெரியவரே, கொஞ்சம் நகருங்க. படத்துல வர்றீங்க."

சொந்தக் கொல்லையில் நிற்கிறவனைப் பார்த்து! கோபம் வந்தது. வெளியூர்க்காரர்களிடம் அதைக் காட்டிப் பழக்கமில்லை. நகர்ந்து ரோட்டுக்கு வந்தார். அவர் நகர்வதற்கே காத்திருந்த மாதிரி கொல்லை ஓரத்துப் பலாமரத்திலிருந்து குரங்குகள் இறங்கின. ஒரு வரிசைக் கதிர் மடமடவென்று போயிற்று. பாவாடை டப்பாவைத் தட்டிக் கத்தினார்.

"கத்தாதீங்க தாத்தா, ஓடிடப் போவுது!"

"ஓடணும்னுதாம்மா கத்துறேன்."

அவள் உதட்டில் விரலை வைத்து, உஷ் என்றாள். பாவாடைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கூழ்த் தூக்கோடு வந்த அமிர்தம் இதைப் பார்த்தாள். தூக்கைக் கீழே வைத்தாள். நேராக மாப்பிள்ளை முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகி, மாலை, டை, கூலிங்கிளாஸ் சகிதம் அதை ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.

"எங்க சோறு போய்க்கினு இருக்குது, நீ நின்னுகினு வேடிக்கையா பாக்கற?" என்று அதைத் திட்டிக்கொண்டே, அதாலேயே குரங்குகளை விளாசினாள். பானை உடைந்தது. குரங்குகள் அலறிக்கொண்டு பலாமரம் ஏறின. படம் எடுத்த பெண் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாவாடை இன்னும் ரோட்டிலேயே நின்றார்.

"இன்னாய்யா பாத்துகினு நிக்கற?" என்று அமிர்தம் மூச்சு வாங்கினாள். "இந்தா, மாப்பிள்ளைய நீ புடி. பொண்ண நான் எடுத்துக்கறேன்."