காந்தத்தைத் தாங்கிய நாடா

இலங்கையில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் பிறந்தவள் சுகந்தினி. அம்மா இலட்சுமி இறப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவர். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் உயர்தரம் படிக்கக் கேகாலைக்குப் பஸ் ஏறினாள். பௌதிகவியலில் பட்டம் எடுத்தாள். புலமைப்பரிசில் கிடைத்து ஆராய்ச்சிக்குக் கொரியா போனாள்.

அங்கே அவளுக்குக் கிடைத்த வேலை மீக்கடத்தி நாடா. மெல்லிய உலோகப் பட்டியின்மேல் தலைமயிரைவிட மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கும். திரவ நைதரசனில் குளிரவைத்தால் அந்தப் படலத்தில் மின்சாரம் துளியும் வீணாகாமல் ஓடும். ஆனால் பக்கத்தில் பலமான காந்தம் இருந்தால் ஓட்டம் சரிந்துவிடும். காந்தப்புலம் நுண்ணிய சுழல்களாக உள்ளே புகுந்து நகரத் தொடங்குவதுதான் காரணம். அந்தச் சுழல்களை நகரவிடாமல் பிடித்துவைக்க, படலத்துக்குள் வேறொரு சேர்மத்தின் நுண்துகள்களைக் கலப்பார்கள்.

சுகந்தினி கலந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின. சுற்றியிருந்த படிகங்கள் கோணலாக வளர்ந்தன. காந்தம் இல்லாதபோதும் ஓட்டம் குறைந்தது. ஒரு வருடம் இப்படியே போனது.

"அடுத்ததும் சரிவராவிட்டால் வேறு தலைப்பை யோசிப்போம்," என்று பேராசிரியர் தன்மையாகத்தான் சொன்னார். அன்றிரவு அதை அம்மாவிடம் போனில் சொன்னாள்.

துகளைக் குறைத்து, படலத்தை வழமையைவிட மெதுவாக வளர்த்து, இன்னொரு நாடா செய்தாள். அதை அளந்து பார்ப்பதற்குள் அக்கா விஜயகலாவின் கல்யாணம் வந்துவிட்டது. அதே ஆய்வுகூடத்தில் படிக்கும் மாவனல்லைக்காரி ரஹ்மாவிடம் நாடாவை அளக்கக் கொடுத்துவிட்டு ஊருக்கு விமானம் ஏறினாள்.

கல்யாணம் முடிந்த வாரம், ஒரு காலையில் ரஹ்மா அழைத்தாள். தோட்டத்து லய வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. பால் நிறுக்கும் கொட்டகை வரை சுகந்தினி மேட்டில் ஏறினாள்.

"காந்தத்துக்குள்ள வச்சும் ஓட்டம் விழல்ல சுகந்தி. பழைய நாடாவ விட ரெண்டு மடங்கு போகுது."

"எங்கயாவது பிழை இருக்கும். திருப்பி அளந்து பாரு."

"அளந்துட்டுத்தான் பேசுறன். படம் அனுப்பியிருக்கன், பாரு."

இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எடுத்த படம். மெதுவாகத்தான் இறங்கியது. துகள்கள் கட்டியாகவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக நேராக நின்றன. படிகங்களிலும் கோணல் இல்லை. சுகந்தினி கொட்டகைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பால் வாளியோடு வந்த இலட்சுமி மகளின் முகத்தைப் பார்த்தார்.

"என்னா புள்ள, ஏதும் பிரச்சினையா?"

"இல்லம்மா. நான் செஞ்ச நாடா சரியா வந்திருக்கு."

இலட்சுமி போனை எட்டிப் பார்த்தார். "வெறும் புள்ளியால்ல இருக்கு."

"அந்தப் புள்ளிங்கதாம்மா காந்தத்த அடக்கி வச்சிருக்கு."

"அப்ப இந்த வேலைய விடத் தேவையில்லத்தானே?"

"தேவையில்லம்மா," என்று சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இலட்சுமி வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொரியா திரும்பியதும் அதே முறையில் இன்னும் இரண்டு நாடா செய்தாள். ஒன்று முந்தியதைப் போலவே வந்தது. மற்றது சற்றுக் குறைந்தது. பேராசிரியர் தலைப்பை மாற்றும் பேச்சை எடுக்கவே இல்லை. இப்போது சில மீற்றர் நீளத்துக்குச் செய்து பார்க்கிறாள். நடுவில் சில இடங்களில் ஓட்டம் விழுகிறது. அந்த இடங்களை வெட்டியெடுத்து, படலம் எங்கே பிசகியது என்று தேடுகிறாள். ஒவ்வொரு தடவையும் அப்படிப் பிசகும் இடங்கள் குறைந்துகொண்டு வருகின்றன.